கன்றுக்கும் குட்டிக்கும் சைலேஜ்: கொழுந்தாடை, முந்திரிப்பழம், பலாக் கழிவைப் பதப்படுத்தி ஊட்டும் முறை

கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால் நெல்லிக்குப்பம், பண்ருட்டி பக்கம் கொழுந்தாடை, அதாவது கரும்பின் பச்சை நுனி, கட்டுக்கட்டாகக் கிடக்கும். பங்குனி, சித்திரையில் முந்திரித் தோப்புகளில் கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை மரத்தடியிலேயே விட்டுவிடுவார்கள். பலாவில் சுளை போக மிச்சமெல்லாம் குப்பைமேட்டுக்குப் போகும். காற்றுப் புகாமல் அடைத்து ஆறு வாரம் புளிக்க வைத்து சைலேஜ் ஆக்கினால் இவை எல்லாமே ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கைகொடுக்கும் தீவனம்தான்.

ஆனால் கறவை மாட்டுக்கு அடைத்த சைலேஜை அப்படியே அள்ளிக் கன்றுக்குப் போடக்கூடாது. பெரிய மாடு கொஞ்சம் பூஞ்சணம், கொஞ்சம் மண், கொஞ்சம் அதிகப் புளிப்பு எல்லாவற்றையும் தாங்கிக்கொள்ளும். மூன்று மாதக் கன்றும் எட்டு கிலோ ஆட்டுக்குட்டியும் தாங்காது. இளசுகளுக்கு அடைப்பதைத் தனியாக, சின்ன மூட்டையாக, நல்ல சரக்கில் அடைக்க வேண்டும்.

எப்போது தொடங்கலாம்

பிறந்த கன்றுக்கு நான்கு வயிறு இருந்தாலும் வேலை செய்வது நான்காவது வயிறு மட்டும்தான். குடிக்கும் பால் நேராக அங்கே போய்விடும். நார்த்தீவனத்தை நொதிக்க வைக்கும் பெருவயிறு அப்போது சுருங்கிய பை. அதன் உட்சுவரை வளர்ப்பது தானியமும் பிண்ணாக்கும் கலந்த அடர்தீவனம் நொதிக்கும்போது உண்டாகும் அமிலங்கள்தான், புல்லும் வைக்கோலும் அல்ல. அதனால்தான் இரண்டாவது வாரத்திலிருந்தே ஒரு கைப்பிடி அடர்தீவனமும் சுத்தமான தண்ணீரும் முன்னால் இருக்க வேண்டும் என்கிறோம்.

இந்த வளர்ச்சிக்கு முன்பே சைலேஜ் போட்டால் என்ன ஆகும்? அதில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். கன்றுக்கு வயிறு நிறைந்துவிடும், சத்து போயிருக்காது. வயிறு பானை மாதிரித் தொங்கும், முதுகெலும்பு தெரியும், மயிர் மினுமினுப்பு இல்லாமல் சிலிர்த்து நிற்கும். இதைப் பார்த்துவிட்டுக் கன்று நன்றாகத் தின்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு. குடற்புழு இருந்தாலும் இதே தோற்றம் வரும் என்பதால் சாணத்தையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள்.

கலப்பினக் கன்றுக்கு மூன்று மாதம் நிறைந்திருக்க வேண்டும், பால் நிறுத்தியிருக்க வேண்டும், தொடர்ந்து மூன்று நாள் தினம் ஒரு கிலோ அடர்தீவனம் தின்று படுத்து அசை போட வேண்டும். இவை மூன்றும் சேர்ந்தால் தொடங்கலாம். ஆட்டுக்குட்டிக்கு மூன்று மாதம், எட்டு கிலோ எடை, தினம் 100 கிராம் அடர்தீவனம். வயது வந்தும் எடை வரவில்லை என்றால் எடைக்காகக் காத்திருங்கள்.

ஈரப்பதத்தில்தான் எல்லாம்

நல்ல சைலேஜுக்கு 100 கிலோவில் 30 முதல் 35 கிலோ உலர்பொருள் (தண்ணீர் போக மிஞ்சுவது) இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் சாறு கசிந்து அடியில் தேங்கும், அழுகல் நொதித்தல் நடக்கும். மேலே போனால் இறுக்கி அடைக்க முடியாது, உள்ளே காற்று தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும்.

கையாலேயே அளக்கலாம். வெட்டிக் கலந்த தீவனத்தில் ஒரு பிடி எடுத்து அரை நிமிடம் இறுக்கிப் பிடியுங்கள். விரலிடுக்கில் சொட்டினால் ஈரம் அதிகம். கையை விரித்ததும் உருண்டையாகவே நின்று, சொட்டு விழாமல் உள்ளங்கை மட்டும் நனைந்திருந்தால் இன்னும் சற்றே ஈரம். உருண்டை மெதுவாக விரிந்து பிரிந்தால் அதுதான் பதம். உடனே பொலபொலவென்று உதிர்ந்தால் காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளிக்க வேண்டும்.

கொழுந்தாடை வெட்டிய அன்றே கிடைத்தால் ஏறக்குறைய இந்தப் பதத்திலேயே இருக்கும். காய்ந்த சோகையை உருவிப் போட்டுவிட்டு நுனிப்பகுதியை மட்டும் எடுங்கள். கரும்பு இலையின் ஓரத்தில் இருக்கும் சுணை இளங்கன்றின் நாக்கையும் ஈறையும் அறுக்கும். இரண்டு சென்டிமீட்டருக்கு மிகாமல் வெட்டி ஆறு வாரம் அடைத்து வைத்தால் அது மென்மையாகிவிடும். பெரிய மாட்டுக்கு மூன்று சென்டிமீட்டர் துண்டு பரவாயில்லை, கன்றுக்கு வேண்டாம்.

கொழுந்தாடையில் சர்க்கரை இருக்கிறது, புரதம் மிகக் குறைவு. உலர்பொருளில் ஐந்து, ஆறு சதவீதம்தான். பங்குனியில் கடலை பிடுங்கும் நேரமும் கரும்பு வெட்டும் ஒன்றாக வருவதால், 80 கிலோ கொழுந்தாடைக்கு 20 கிலோ பச்சைக் கடலைக்கொடியைச் சேர்ப்பது இந்தப் பகுதிக்கு மிகவும் பொருத்தமான கலவை. கொடியை அரை நாள் நிழலில் வாட்டி, வேரை அறுத்துவிட்டு, மண்ணை நன்றாக உதறுங்கள். மண்ணோடு போகும் கிருமிகள்தான் சைலேஜை அழுக வைப்பவை. கொடியின் அளவை இதற்குமேல் கூட்டாதீர்கள். பயறுவகைத் தழை புளிப்பு ஏறுவதைத் தடுக்கும். அதை ஈடுகட்ட 100 கிலோ கலவைக்கு 2 கிலோ வெல்லத்தை 3 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளியுங்கள், அரை கிலோ கல்லுப்பைத் தூவுங்கள். டிக்கா இலைப்புள்ளிக்கு மருந்து அடித்த கடலைக்கொடியையும், களைக்கொல்லி பட்ட கொழுந்தாடையையும் இதில் சேர்க்கவே கூடாது.

முந்திரிப்பழம் வேறு கணக்கு. 100 கிலோ பழத்தில் 14 கிலோ அளவுதான் உலர்பொருள், மற்றதெல்லாம் சாறு. தனியாக அடைத்தால் சைலேஜ் ஆகாது, சாராயம்தான் ஆகும். 75 கிலோ பழத்துக்கு 12.5 கிலோ நறுக்கிய வைக்கோல், 12.5 கிலோ காய்ந்த கடலைக்கொடி சேருங்கள். பழத்திலிருந்து பத்தரைக் கிலோ, காய்ந்த தீவனத்திலிருந்து இருபத்திரண்டரைக் கிலோ என்று மொத்தம் 33 கிலோ உலர்பொருள் வந்துவிடும். வைக்கோல் சாற்றை உறிஞ்சிக்கொள்ளும். பழத்தில் போதுமான சர்க்கரை இருப்பதால் வெல்லம் வேண்டாம்.

பழம் அன்றே பொறுக்கியதாக இருக்க வேண்டும். இரண்டு நாள் தரையில் கிடந்த பழத்தில் ஈஸ்ட் பெருகியிருக்கும். அதைத் தின்ற ஆடு தள்ளாடும். மழையில் நனைந்து மண் ஒட்டிய பழமும் வேண்டாம். முந்திரித் தளிரைத் தாக்கும் தேயிலைக் கொசு என்ற பூச்சிக்கு மருந்து அடித்த தோப்பாக இருந்தால், என்ன மருந்து, கடைசியாக எப்போது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, சந்தேகம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

முந்திரியில் இன்னொரு ஆபத்து கொட்டையின் ஓடு. அதிலிருக்கும் எண்ணெய் கையில் பட்டாலே தோல் வெந்து உரியும் என்பது முந்திரி உடைக்கும் பெண்களுக்குத் தெரியும். அதே எண்ணெய் குட்டியின் வாயிலும் குடலிலும் புண் உண்டாக்கும். திருகும்போது பாதிக் கொட்டை பழத்தோடு தங்கிவிடுவது உண்டு, அதனால் வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு கூடையையும் கொட்டிப் பார்த்துப் பொறுக்குங்கள். முந்திரி உடைக்கும் இடத்திலிருந்து வரும் எந்தக் கழிவையும் தீவனத்தில் சேர்க்காதீர்கள்.

பழத்தின் துவர்ப்பு புரதத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். தழை மேய்ந்து பழகிய வெள்ளாட்டுக்குட்டி இதை ஓரளவு சமாளிக்கும். கன்றும் செம்மறிக்குட்டியும் அவ்வளவு தாங்காது. கன்றுக்குப் போடும் சைலேஜில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முந்திரிப்பழ சைலேஜ் வேண்டாம், மீதி கொழுந்தாடை சைலேஜாக இருக்கட்டும்.

பலாக் கழிவு இவற்றைவிட எளிது. தோல், சடை, நடுத்தண்டு 80 கிலோவுக்கு வைக்கோல் 20 கிலோ. கத்தியில் எண்ணெய் தடவிக்கொண்டால் பால் ஒட்டாது. முழுக்கொட்டை ஒன்றுகூட உள்ளே போகக்கூடாது, குட்டியின் தொண்டையில் அடைக்கும்.

யூரியா கலந்த சைலேஜையோ யூரியா தெளித்த வைக்கோலையோ ஆறு மாதத்துக்குக் கீழ் உள்ள எதற்கும் போடாதீர்கள்.

அடைக்கும் முறை

கடலூர், பாகூர் பக்கம் பள்ளம் வெட்டி அடைப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். தீவனம் தேவைப்படும் அந்த நேரத்தில்தான் குழி நிறையத் தண்ணீர் நிற்கும். தரைக்கு மேலே டிரம் அல்லது மூட்டைதான் சரி.

எதில் அடைப்பது என்பதை எத்தனை உருப்படி என்பது தீர்மானிக்கும். 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மில் நன்றாக மிதித்தால் 110 கிலோ வரை கொள்ளும். இரண்டு கன்றுகள் ஒரு நாளைக்கு 5 கிலோ தின்றால் அந்த டிரம் மூன்று வாரம் திறந்தே கிடக்கும். நம் வெயிலில் அது தாங்காது. தினமும் மேலிருந்து பத்து சென்டிமீட்டராவது குறைய வேண்டும், அதாவது ஒரு டிரம் எட்டு ஒன்பது நாளில் தீர வேண்டும். இரண்டு மூன்று கன்று மட்டும் இருந்தால் 25 கிலோ அரிசிச் சாக்கு போதும். உள்ளே கெட்டியான பிளாஸ்டிக் பை ஒன்று, வெளியே சாக்கு. ஒன்றில் 15 கிலோ பிடிக்கும், மூன்று நாளில் தீர்ந்துவிடும். டிரம்தான் கையில் இருக்கிறது என்றால் கன்றுக்கு நடுவிலிருந்து நல்லதை எடுத்துவிட்டு, தினசரி மிச்ச அளவைக் கறவை மாட்டுக்குப் போட்டு டிரம்மைச் சீக்கிரம் தீருங்கள்.

பழைய டிரம் மலிவாகக் கிடைக்கும். உள்ளே என்ன வந்தது என்று உறுதியாகத் தெரியாத டிரம்மைத் தீவனத்துக்கு வாங்காதீர்கள். எத்தனை முறை கழுவினாலும் ரசாயனம் பிளாஸ்டிக்கில் ஊறியிருக்கும்.

டிரம்மின் அடியில் பத்து சென்டிமீட்டர் வைக்கோல் பரப்புங்கள், கசியும் சாறு அதில் இறங்கும். அதன்மேல் வெட்டிய தீவனத்தைப் பத்து சென்டிமீட்டர் அடுக்காகப் போட்டு, கால் கழுவிக்கொண்டு இறங்கி ஓரத்திலிருந்து நடுவுக்கு மிதியுங்கள். காற்று அதிகம் தங்குவது ஓரங்களில்தான். கட்டைவிரலை அழுத்தினால் நகம் அளவுக்குமேல் உள்ளே போகக்கூடாது. அந்த இறுக்கம் வந்த பிறகுதான் அடுத்த அடுக்கு. மூட்டையில் முஷ்டியால் குத்தி இறுக்குங்கள், மூலைகளில் விரல் விட்டு அமுக்குங்கள். கடைசியில் பையின் வாயைத் திருகி, மடித்து, ரப்பர் பட்டையால் இறுகக் கட்டுங்கள்.

ஒரு டிரம்மையோ மூட்டையையோ பாதியில் விட்டு மறுநாள் தொடரக்கூடாது. வெட்டிய தீவனம் உயிரோடுதான் இருக்கிறது. காற்று இருக்கும்வரை அது சர்க்கரையை எரித்துச் சூடாகும், நமக்கு வேண்டிய புளிப்புக்கு எதுவும் மிஞ்சாது.

முதல் இரண்டு மூன்று நாள் மூட்டை உப்பும். பயந்து ஊசி குத்தாதீர்கள். உள்ளே உண்டாகும் வாயுதான் அது, தானே அடங்கும். மூட்டைகளை நிழலில், பலகைமேல், சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி அடுக்குங்கள். எலியும் காக்கையும் போடும் ஒரு சின்ன ஓட்டை ஒரு மூட்டையைக் கெடுக்கப் போதும். ஓட்டை கண்டால் அன்றே அகலமான டேப்பால் ஒட்டி, அந்த மூட்டையை முதலில் செலவழியுங்கள். ஒவ்வொன்றின்மேலும் அடைத்த தேதியையும் சரக்கையும் எழுதிவிடுங்கள். திறப்பதற்குக் கொழுந்தாடைக்கு 40 நாள், பழக் கலவைக்கு 45 நாள் ஆக வேண்டும்.

திறந்ததும் பார்க்க வேண்டியது

நல்ல சைலேஜ் மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும், முந்திரிப்பழக் கலவை மட்டும் சற்றுப் பழுப்பு. புளித்த தோசைமாவு வாசம் வர வேண்டும். கையில் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். புளிப்பை அளக்கும் பி.எச். தாள் இருந்தால் ஒரு பிடி சைலேஜை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து நனைத்துப் பாருங்கள், 4.2 அல்லது அதற்குக் கீழே காட்ட வேண்டும்.

சாணி நாற்றமோ கெட்டுப்போன வெண்ணெய் நாற்றமோ அடித்தால் ஈரம் அல்லது மண் அதிகம் போயிருக்கிறது. புகையிலை, கருகிய வெல்லம் மாதிரி வாசமும் கரும்பழுப்பு நிறமும் வந்தால் சூடாகிவிட்டது. மாடு விரும்பித் தின்னும், ஆனால் அதிலுள்ள புரதம் செரிக்காது. மூக்கில் ஏறும் சாராய நெடி ஈஸ்ட்டின் வேலை. லேசாக இருந்தால் அரைமணி நேரம் நிழலில் பரப்பி ஆறவைத்துப் போடலாம், கடுமையாக இருந்தால் இளசுகளுக்கு வேண்டாம்.

பூஞ்சணம் பிடித்த இடத்தைச் சுரண்டிவிட்டு மிச்சத்தைப் போடும் வழக்கம் உண்டு. கன்றுக்கும் குட்டிக்கும் அப்படிச் செய்யாதீர்கள். பூஞ்சண நஞ்சு கண்ணுக்குத் தெரியும் இடத்தோடு நிற்பதில்லை. 15 கிலோ மூட்டையாக இருந்தால் முழுவதும் எருக்குழிக்குப் போகட்டும்.

ஊட்டும் அளவு

கன்றுக்கு முதல் மூன்று நாள் தினம் 100 கிராம், அடுத்த மூன்று நாள் 250 கிராம், பிறகு அரை கிலோ என்று போய், இரண்டு வாரத்தில் ஒரு கிலோவுக்கு வாருங்கள். பெருவயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் புதுத் தீவனத்துக்கு மாற இந்த அவகாசம் தேவை. காலையில் முதலில் அடர்தீவனம், அது தீர்ந்த பிறகு சைலேஜ். பசியோடு இருக்கும் கன்றுக்குச் சைலேஜை முதலில் வைத்தால் அதிலேயே வயிற்றை நிரப்பிவிடும்.

நான்கு மாதத்தில் 2 கிலோ, ஆறு மாதம் நெருங்கும்போது 3 முதல் 4 கிலோ, ஒரு வயதுக் கிடேரிக்கு 6 முதல் 8 கிலோ. ஆட்டுக்குட்டிக்கு 30 கிராமில் தொடங்கி இரண்டு வாரத்தில் 150 கிராம், ஆறு மாதத்தில் அரை கிலோ. வெயில் காலத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொட்டியில் மிஞ்சியதை அள்ளிவிடுங்கள். அதன்மேலேயே புதிதாகக் கொட்டுவதால்தான் நல்ல சைலேஜும் தொட்டியில் கெடுகிறது.

சைலேஜ் வயிற்றை நிரப்பும், வளர்ச்சிக்கு வேண்டிய புரதம் அதில் இல்லை. நான்கு மாதம், 90 கிலோ எடையுள்ள கன்றுக்கு ஒரு நாள் கணக்கு இப்படி: கொழுந்தாடை சைலேஜ் 2 கிலோவில் 36 கிராம் புரதம்தான். அடர்தீவனம் ஒன்றேகால் கிலோவில் 250 கிராம். வேலிமசால் (பயறுவகைத் தீவனச் செடி) அல்லது அகத்தித் தழை ஒன்றரைக் கிலோவில் 75 கிராம். காய்ந்த கடலைக்கொடி 400 கிராமில் 36 கிராம். மொத்தம் 2.4 கிலோ உலர்பொருளில் ஏறக்குறைய 400 கிராம் புரதம், அதாவது பதினாறு சதவீதத்துக்குச் சற்று மேல். இதில் அகத்தியை நிறுத்தினாலும் அடர்தீவனத்தைப் பாதியாக்கினாலும் கணக்கு உடனே கவிழ்ந்துவிடும்.

அடர்தீவனத்தை வீட்டில் கலப்பதானால் 100 கிலோவுக்கு மக்காச்சோளக் குருணை 45, கடலைப் பிண்ணாக்கு 30, கோதுமைத் தவிடு 22, தாது உப்புக் கலவை 2, உப்பு 1. இருபது சதவீதப் புரதம் வரும். பிண்ணாக்கு புதிதாக, சிக்கு வாடை இல்லாமல் இருக்க வேண்டும். செம்மறிக்குட்டிக்கு மட்டும் மாட்டுக்கான தாது உப்பைக் கலக்காதீர்கள், அதிலுள்ள தாமிரம் செம்மறிக்கு நஞ்சாகும். ஆட்டுக்கென்று தனிக் கலவை இருக்கிறது.

கோளாறு வந்தால்

சாணம் சாம்பல் நிறத்தில் நுரைத்து, புளிப்பு நாற்றத்தோடு கழிந்தால் வேகமாகக் கூட்டிவிட்டீர்கள். சைலேஜை இரண்டு நாள் நிறுத்திக் காய்ந்த கடலைக்கொடியும் தண்ணீரும் மட்டும் வையுங்கள், பிறகு பாதி அளவில் தொடங்குங்கள். கழிச்சலோடு கன்று சோர்ந்து படுத்தாலோ, இடப்பக்கம் வயிறு தட்டினால் மத்தளம் மாதிரி ஒலித்தாலோ வீட்டு வைத்தியத்தில் நேரம் போக்காமல் மருத்துவரை அழையுங்கள்.

ஆட்டுக்குட்டிகளில் கொழுத்த குட்டியாகப் பார்த்துத் தாக்கித் துள்ளிவிழுந்து சாக வைக்கும் துள்ளுமாரி நோய், தீவனத்தில் சர்க்கரையும் மாவும் திடீரென்று கூடும்போதுதான் வரும். முந்திரிப்பழ, பலா சைலேஜ் தொடங்குவதற்கு முன்பே தடுப்பூசியும் அதன் ஊக்க ஊசியும் போட்டு இரண்டு வாரம் கழிந்திருக்க வேண்டும்.

ஆடு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்தாலோ, ஒரு காதும் உதடும் தொங்கி வாயில் எச்சில் ஒழுகினாலோ லிஸ்டீரியா கிருமியாக இருக்கலாம். புளிப்பு ஏறாத, மண் கலந்த சைலேஜில் பெருகும் கிருமி அது. அன்றே அந்த மூட்டையை நிறுத்துங்கள், அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள், தாமதித்தால் பிழைப்பது கடினம். மனிதருக்கும் தொற்றும் என்பதால் கர்ப்பிணிகள் அந்த ஆட்டையும் சைலேஜையும் தொட வேண்டாம். புதுச்சேரிப் பக்கம் இருப்பவர்களுக்குக் குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. போகும்போது தின்ற சைலேஜில் அரை கிலோவைப் பையில் கட்டி எடுத்துச் செல்லுங்கள்.

கழிச்சலும் உப்புசமும் இல்லாமலேயே வளர்ச்சி நின்றுபோவதும் உண்டு, அதை அளவு நாடாதான் காட்டும். 15 நாளுக்கு ஒருமுறை, காலையில் தீவனத்துக்கு முன், முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் எடுங்கள். தோள்முனையிலிருந்து பின்பக்க எலும்பு முனை வரை நீளத்தையும் எடுங்கள். சுற்றளவை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் எடை கிலோவில் வரும். சுற்றளவு 40, நீளம் 36 என்றால் 87 கிலோ. கலப்பினக் கன்று 15 நாளில் 6 கிலோவாவது ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் சைலேஜைக் கூட்டாதீர்கள். அடர்தீவனத்தைக் கால் கிலோ கூட்டி, சைலேஜை அரை கிலோ குறைத்து, அடுத்த 15 நாள் கழித்து மறுபடி அளந்து பாருங்கள்.